சீமைச் சரக்கும் தோட்டத்துத் தகரமும்

தோட்டப்புற மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூவகைச் சான்றுகளை நாடுகின்றனர்: கப்பலில் வந்தோர் கணக்கு, கம்பெனிகளின் ஆண்டறிக்கை, அரசாங்கத் தொழில் இலாகாவின் பதிவு. இம்மூன்றிலும் தமிழ்த் தொழிலாளர் எண்களாகவே நிற்கின்றனர். அவர்கள் எதில் நீர் சுமந்தார்கள், எதனால் அரிசி அளந்தார்கள், எவ்விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குச் சோறிட்டார்கள் என்பன அவற்றில் இடம்பெறவில்லை. இவற்றை அறிய நான்காவதாக ஒரு சான்று உண்டு. வீட்டிலே புழங்கிய பொருளும், அப்பொருளுக்கு மக்கள் வழங்கிய பெயருமே அச்சான்று.

விக்டோரியா அரசியாரின் ஆட்சிக்காலத்தில் (1837-1901) பிரிட்டிஷ் உற்பத்தியாளர்கள், குடியேற்ற நாடுகளுக்குச் செல்லும் தம் நாட்டவர்க்கென்றே பலவகைப் பொருள்களை ஆக்கி விளம்பரம் செய்தனர். நெளிதகரம், காப்பி இயந்திரம், மண்ணெண்ணெய், டின்பால், மருந்துப் பெட்டி, தையல் இயந்திரம் முதலானவை அவ்வகையின. அவற்றுள் பல நெகிரி செம்பிலான் தோட்டங்களையும் அடைந்தன. துரையின் பங்களாவை எண்ணிச் செய்யப்பட்ட இச்சரக்குகள் நெடுங்காலம் வாழ்ந்தது தொழிலாளர் லயங்களிலேயாம். அங்கே அவை எவ்வாறு உருமாறின, அதனால் விளைந்த நன்மை எது, தீமை எது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

குடியேறுவோரைத் தேடிய கடைகள்

1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைட் பூங்காவில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சி, இயந்திரங்களையும் வீட்டுப் பொருள்களையும் உலகின் முன் பரப்பிவைத்த முதற் பெருங்கடை எனலாம். அதே ஆண்டில், மான்செஸ்டரைச் சேர்ந்த பெல்ஹவுஸ் என்பார் ஆக்கிய இரும்பு நடனக்கூடம் ஒன்று, ஆல்பர்ட் இளவரசரின் விருப்பப்படி ஸ்காத்லாந்தின் பால்மோரல் மாளிகையருகே நிறுவப்பட்டது. அதற்குப் பயன்பட்ட நெளிந்த இரும்புத் தகட்டிற்கு 1829இல் ஹென்றி இராபின்சன் பாமர் என்ற பொறியாளர் உரிமை பெற்றிருந்தார். 1837இல் துத்தநாகம் பூசும் முறை வந்தபின் அத்தகடு மழைக்கும் துருவுக்கும் எளிதில் அழியாததாயிற்று. கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பொன் தேடிச் சென்றவர்க்கு, பிரித்தெடுத்துக் கப்பலேற்றிப் பின் பூட்டிக்கொள்ளத்தக்க இரும்பு வீடுகள் விற்கப்பட்டன. அரசி குடும்பத்தார் ஏற்ற பொருள் என்பதைவிடச் சிறந்த விளம்பரம் அக்காலத்தில் வேறில்லை.

கடல் கடந்து செல்வோர்க்கு வேண்டிய அனைத்தையும் ஒரே இடத்தில் விற்கும் கடைகளும் எழுந்தன. படை அலுவலர்கள் 1871இல் கூட்டுறவு முறையில் தொடங்கிய ‘ஆர்மி அண்ட் நேவி’ பண்டகசாலை, தடித்த விலைப்பட்டியல் நூல்களை அச்சிட்டுக் குடியேற்ற நாடுகளிலிருந்தும் அஞ்சல்வழி வாணிகத்தைப் பெற்றது. இலண்டன் கார்ன்ஹில்லில் இருந்த சில்வர் கம்பெனி, குடியேறுவோர்க்கு வழிகாட்டி நூல்களையும் வெளியிட்டது. எந்நாட்டில் எவ்வகை மண், எவ்வளவு மழை என்று கூறும் நூலை வெளியிட்டவரே அங்குக் கொண்டுசெல்ல வேண்டிய உடையையும் கட்டிலையும் விற்றனர்.

இந்தச் சில்வர் கம்பெனியை நாம் நினைவில் வைக்க வேறொரு காரணமும் உண்டு. மழை புகாத் துணி செய்யும் தம் ஆலையை அவர்கள் 1852இல் தேம்சு நதிக்கரைக்கு மாற்றினர். அவ்விடம் அவர்கள் பெயரால் சில்வர்டவுன் எனப்பட்டது. பின்னர் அங்கு ரப்பரும் கட்டாபெர்ச்சாவும் கொண்டு கடலடித் தந்திக் கம்பிகள் செய்யப்பட்டன. கட்டாபெர்ச்சா என்பது மலாய்க் காடுகளின் மரத்துப் பால். ‘கெத்தா’ என்னும் மலாய்ச்சொல்லே ஆங்கிலத்தில் ‘கட்டா’ ஆயிற்று. மலாயாத் தமிழில் அதுவே ‘கித்தா’ ஆகி ரப்பர் மரத்தைக் குறித்தது. இந்நாட்டு மரத்தின் பால் சீமைக்குச் சென்று, பண்டமாகி, விலையேறிக் கீழ்நாடுகளுக்கே திரும்பியது. இவ்வாறு சென்று திரும்பியதற்கு இதனினும் தெளிவான சான்று ஒன்றைப் பின்னர்க் காண்போம்.

சுங்கை ஊஜோங்கில்

இன்றைய சிரம்பானைச் சூழ்ந்த சுங்கை ஊஜோங், நெகிரி செம்பிலான் நிலப்பகுதிகளுள் முதன்முதல் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு உட்பட்டது. 1874இல் ஏற்பட்ட உடன்பாட்டிற்குப் பின் ஆங்கில அதிகாரி ஒருவர் அங்கு அமர்ந்தார். அந்நாடு ஈயத்தால் பெயர் பெற்றது. ஈயம் லிங்கி ஆற்றுவழியே கடலுக்குச் சென்றது. ஆற்றில் சுங்கம் வாங்கும் உரிமை பற்றியே தலைவர்கள் முன்னர்ப் போரிட்டனர். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், உள்நாட்டுச் சரக்கு வெளியேறுவதும் வெளிநாட்டுச் சரக்கு புகுவதும் எளிதாயின. 1895இல் நெகிரி செம்பிலான் ஒரே கூட்டமைப்பாயிற்று. அடுத்த ஆண்டு மலாய்க் கூட்டு அரசுகளுள் ஒன்றாயிற்று.

தோட்டத் தொழில் இங்கு வந்தது இலங்கை வழியாகவாம். 1869இல் தோன்றிய இலைநோய் இலங்கைக் காப்பியை அழித்தபோது, அங்கிருந்த துரைமார் சிலர் மலாய் நாட்டை நாடினர். அவர்களுள் தாமஸ் ஹெஸ்லாப் ஹில் குறிப்பிடத்தக்கவர். ரந்தாவை அடுத்த லின்சம் தோட்டம் அவர் பெயரோடு இணைந்தது. 1880களில் இங்கு லைபீரியக் காப்பி பயிரிடப்பட்டது. துரையுடன் இலங்கைத் தோட்டமுறையும் வந்தது. கங்காணி, பிரட்டு, லயம் என்னும் சொற்கள் இரு நாடுகளுக்கும் பொதுவாயிருத்தல் இதனாலேயே.

இயந்திரமும் அவ்வழியே வந்தது. 1854இல் கண்டியில் தொடங்கிய ஜான் வாக்கர் கம்பெனி, காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரங்களைச் செய்து பெயர் பெற்றிருந்தது. 1881 முதல் கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் வெளியிட்ட ‘டிராபிகல் அக்ரிகல்சரிஸ்ட்’ என்னும் திங்களிதழ் உழவுக் கட்டுரைகளுடன் இயந்திர விளம்பரங்களையும் தாங்கி வந்தது. பழுத்த காப்பியைப் பல்வைத்த செப்புத்தகடு போர்த்திய உருளை தேய்த்துத் தோலை நீக்கும். பின்னர்க் கொட்டையை ஊறவைத்துக் கழுவி உலர்த்துவர். இலங்கைக் காப்பிக்கென ஆக்கிய இயந்திரம், தோல் தடித்த லைபீரியப் பழத்திற்கு ஏற்றதாயில்லை. ஆதலின் அதற்கென வேறு இயந்திரங்கள் வகுக்கப்பட்டன.

ஆட்கூலி மிச்சமாகும் என்பதே இத்தகைய இயந்திரங்களை விற்போர் பொதுவாகக் கூறிய வாக்குறுதி. ஆயினும் காடு வெட்டவும், களையெடுக்கவும், பழம் பறிக்கவும் இயந்திரம் வரவில்லை; அவற்றிற்குச் சீமையிலிருந்து வந்தது மண்வெட்டியும் கோடரியுமே. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் சில்லிங்டன் கம்பெனி செய்த முதலை முத்திரை மண்வெட்டி பின்னாளில் எங்கும் பரவியது. எழுத்தறியாதார்க்கு விற்க வேண்டிய பொருளுக்கு எழுத்தைவிடப் படமே பெயராக அமைதல் இயல்பு. யானை, முதலை, பெண், பறவை என வணிக முத்திரைகள் பெருகியதற்குக் காரணம் இதுவே.

1890களின் இறுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்தது, விலை வீழ்ந்தது. 1888இல் டன்லப் கண்ட காற்றடைத்த சக்கரம் ரப்பருக்குப் புதுத்தேவையை உண்டாக்கியிருந்தது. காப்பி நின்ற நிலத்தில் கித்தா எழுந்தது. தோலுரிக்கும் இயந்திரங்கள் பயனற்றுப் போயின. தோட்டத்தின் பயிர் மாறியபின்னும் மாறாது நின்றவை சிறிய வீட்டுப் பொருள்களே. அவற்றுள் தலையாயது டின்.

ஈயம் சென்று தகரமாய்த் திரும்பியது

டின் எனப்படுவது முழுதும் ஈயத்தால் ஆகியதன்று. மெல்லிய இரும்பு அல்லது எஃகுத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசப்பட்டதே அது. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவதும் இவ்வறிவைக் கொண்டதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகடு செய்வதில் உலகிலேயே முதன்மை பெற்றிருந்தது பிரிட்டனின் வேல்ஸ் நாடு. கார்ன்வால் சுரங்கங்கள் தளர்ந்தபோது, மலாய் நாட்டு ஈயம் அதன் இடத்தை நிரப்பியது. 1887இல் அமைந்த ஸ்ட்ரெயிட்ஸ் டிரேடிங் கம்பெனி 1890இல் சிங்கப்பூரை ஒட்டிய பிராணித் தீவில் உருக்காலை நிறுவி, அங்கிருந்து ஈயக்கட்டிகளை அனுப்பியது. இவ்வாறு மலாய் மண்ணினின்று அகழ்ந்த ஈயம் வேல்சின் தகட்டில் பூச்சாகி, பிஸ்கட்டும் பாலும் எண்ணெயும் அடைத்த கலமாய்க் கீழ்நாடுகளுக்கு வந்தது. ஈயம் விளைந்த சுங்கை ஊஜோங்கின் தோட்டங்களில், ஈயம் பூசிய டின் விலைகொடுத்து வாங்கும் சீமைச் சரக்காயிற்று.

தமிழ் மக்கள் இதற்கு இட்ட பெயர் எண்ணத்தக்கது. ‘தகரம்’ பழந்தமிழில் மணம் தரும் ஒரு மரத்தின் பெயர்; உலோகப் பெயராக வருங்கால் ஈயத்தையும் குறிக்கும். பேச்சுவழக்கில் அது ஈயம் பூசிய தகட்டையும், பிறகு அத்தகட்டாலான கலத்தையும், முடிவில் துத்தநாகம் பூசிய கூரைத்தகட்டையும் குறிப்பதாயிற்று. பூச்சின் பெயரே பொருளின் பெயராயிற்று. இரும்பு உள்ளே மறைந்திருப்பதை மக்கள் அறிந்தே இருந்தனர்; தகரம் துருப்பிடித்தது என்னும் வழக்கே அதனைக் காட்டும்.

எண்ணெய் எதற்கு, டின் எங்கே?

அமெரிக்க மண்ணெண்ணெய் கீழ்நாடுகளுக்கு வந்த முறை ஒழுங்கானது. அமெரிக்க அளவில் ஐந்து காலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர் கொள்ளும் சதுர டின்கள் இரண்டு. அவற்றை அடக்கிய ஒரு மரப்பெட்டி. ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் டின்கள் நீலநிறத்தன. அதனோடு போட்டியிட எண்ணிய இலண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேல், எண்ணெயைக் கப்பலின் தொட்டியிலேயே நிரப்பிக் கொண்டுவரத் திட்டமிட்டார். அவருடைய ‘மியூரெக்ஸ்’ கப்பல் 1892இல் கருங்கடலின் பாத்தூம் துறைமுகத்திலிருந்து ரஷ்ய எண்ணெயை ஏற்றி, சூயஸ் கால்வாய் வழியே சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் வந்தது. சிங்கப்பூரையடுத்த புக்கோம் தீவில் எண்ணெய்த் தொட்டிகள் காத்திருந்தன. டின்னும் பெட்டியும் இல்லாமையால் விலை குறையும். ஆகவே மக்கள் மொய்ப்பர் என்பது கணக்கு.

கணக்கு பிழைத்தது. மக்கள் தம் பழைய கலங்களைக் கொண்டுவந்து மலிவான எண்ணெயை வாங்கிச் செல்வர் என எதிர்பார்த்தனர். ஆனால் மக்கள் எண்ணெயோடு டின்னையும் வேண்டினர். ஆசிய நாடுகளெங்கும் அந்த டின் கூரையாகவும், குவளையாகவும், வாளியாகவும், அடுப்பாகவும் பயன்பட்டு வந்தது. உண்மையறிந்த சாமுவேல் தகட்டைக் கப்பலில் வருவித்துக் கீழ்நாடுகளிலேயே டின் செய்ய ஏற்பாடு செய்தார். அவற்றிற்குச் சிவப்பு நிறம் தீட்டினார். புத்தம்புதிய சிவப்பு டின், துருவேறி வந்த நீல டின்னை வென்றது. பின்னாளில் ஷெல் எனப் பெயர்பெற்ற கம்பெனியின் வளர்ச்சியில் இது முக்கியமான நிகழ்ச்சி.

இந்நிகழ்ச்சியை வணிக நூலார் சாமுவேலின் கூர்மதிக்குச் சான்றாகக் கூறுவர். அவருக்குப் பாடம் கற்பித்தவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. வெறும் டின்னுக்கு எண்ணெயளவு மதிப்புத் தந்தவர்கள் ஏழை மக்கள். தோட்டங்களில் அந்த மதிப்பைக் கண்கூடாகக் காணலாம். டின்னின் மேற்பக்கத்தை வெட்டியெடுத்துக் குறுக்கே ஒரு கட்டை அறைந்தால் தண்ணீர் வாளி. இரண்டு வாளியைத் தோள்கம்பின் இருமுனையில் மாட்டினால் காண்டா. பக்கத்தைச் சாய்வாக வெட்டினால் குப்பை வாரும் முறம். அடியில் துளையிட்டு மண் நிரப்பினால் துளசித் தொட்டி. விரித்துத் தட்டினால் சுவர் ஓட்டைக்கு ஒட்டு. உடன்வந்த மரப்பெட்டியோ முக்காலியாகவும் சாமிப்படம் வைக்கும் பலகையாகவும் ஆனது. சீமை விளம்பரக்காரர் எவரும் எண்ணாத பயன்கள் இவை.

பாலும் அதன் கேடும்

ஒவ்வொரு டின்னின் கதையும் இவ்வாறு மகிழ்ச்சி தருவதன்று. 1866இல் சுவிட்சர்லாந்தின் சாம் என்னும் ஊரில் பேஜ் உடன்பிறந்தார் நிறுவிய ஆங்கிலோ-சுவிஸ் கம்பெனி, சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்த பாலை டின்னில் அடைத்து விற்றது. பசும்பால் கிடைக்காத வெப்ப நாடுகளில் வாழும் வெள்ளையர்க்கு அது பெருந்துணையாயிற்று. தலையில் பாற்கலம் சுமந்த பெண் அதன் முத்திரை. மலாய் மக்கள் அதனைச் ‘சாப் ஜுஞ்சோங்’ என்றனர். ஜுஞ்சோங் என்பது தலையில் சுமத்தல். இக்கம்பெனி 1905இல் நெஸ்லே கம்பெனியுடன் இணைந்தது.

காலப்போக்கில் டின்பால் தோட்டக்கடைகளுக்கும் வந்தது. பால் தீர்ந்த டின் அரிசி அளக்கும் படியாயிற்று. தேநீர்க்கடையில் கயிறு கட்டித் தூக்கிச் செல்லும் குவளையும் ஆயிற்று. ஆனால் உள்ளிருந்த பாலைத் தாய்மார் சிலர் கைக்குழந்தைக்கும் கரைத்தூட்டினர். பிரட்டுக்கு விடியுமுன் சென்று வெயிலேறித் திரும்பும் தாய்க்குத் தாய்ப்பால் ஊட்டுதல் எளிதன்று என்பதை நாம் மறத்தலாகாது. சர்க்கரை மிகுந்து சத்துக் குறைந்த அப்பால், தூய்மையற்ற நீரில் கரைக்கப்பட்டபோது குழந்தைகளுக்குக் கூற்றாயிற்று. சிங்கப்பூரில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார், 1939இல் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். இப்பாலைக் குழந்தையுணவாகப் பரப்புவது கொலைக்கு ஒப்பாகும் என அவர் துணிந்து கூறினார். வளர்ந்த வெள்ளையரின் தேநீருக்கு ஏற்ற பண்டம், வேறோர் இடத்தில் வேறொரு வாயில் நஞ்சாகும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை.

மருந்தின் செய்தியும் இதனோடு வைத்து எண்ணற்பாலது. பரோஸ் வெல்கம் கம்பெனி 1884இல் ‘டேப்லாய்டு’ என்னும் பெயரைப் பதிவு செய்து, சிறு மாத்திரைகள் அடங்கிய அழகிய மருந்துப் பெட்டிகளை நாடு காண் பயணிகளுக்கும் குடியேறுவோர்க்கும் விற்றது. ஆப்பிரிக்கப் பயணி ஸ்டான்லி அப்பெட்டியை எடுத்துச் சென்றது பெரும் விளம்பரமாயிற்று. தோட்டத் தொழிலாளர்க்குக் கிடைத்ததோ பிரட்டுக் களத்தில் ஊற்றிக் கொடுத்த கசந்த கொய்னாத் தண்ணீர். 1897இல் ரொனால்டு ராஸ் கொசுவின் பங்கைக் கண்டபின், 1901 முதல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். பின்னாளில் தோட்டங்களில் கால்வாய் வெட்டிக் கொசுப்புழுவைக் கொல்ல எண்ணெய் தெளித்தனர். எந்த மருந்துப் பெட்டியினும் மிகுதியாக உயிர்காத்தது, தொழிலாளர் தம் கையால் வெட்டிய அக்கால்வாய்களே.

தவணையும் முன்பணமும்

சிங்கர் தையல் இயந்திரம் உலகெங்கும் பரவியதற்கு அதன் ஊசியைவிடத் தவணை முறையே பெருங்காரணம். 1856 முதல் அக்கம்பெனி சிறு முன்பணம் பெற்று இயந்திரத்தை வீட்டிற்கே தந்தது. எஞ்சிய தொகையைச் சிறிது சிறிதாக வாங்கிற்று. 1880களின் நடுவே ஸ்காத்லாந்தின் கில்போவியில் அது நிறுவிய ஆலை, குடியேற்ற நாடுகளுக்கு இயந்திரங்களைக் குவித்தது.

கடன் என்னும் ஒன்றே இருவேறு மனிதர்க்கு இருவேறு முகம் காட்டியதை இங்குக் காண்கிறோம். வசதியுடையார்க்குத் தவணை என்பது வாழ்க்கைத் துணை. தொழிலாளியோ தோட்டத்தில் கால்வைக்கும் முன்பே கப்பற்கூலிக்கும் முன்பணத்திற்கும் கடனாளி. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் இந்தியத் தொழிலாளரைப் பொறுத்தவரை முடிவுற்றது. அதன்பின்னரும் தோட்டக்கடைக் கணக்கு சம்பளத்தில் பிடிக்கப்பட்டு வந்தது. பிற்காலத்தில் லயத்து வாசலில் ஒரு தையல் இயந்திரம் ஓடியதென்றால், அது அக்குடும்பம் கடனைக் கடந்து ஓரடி எடுத்துவைத்ததன் அடையாளமாகும்.

பெயர்கள் கூறும் சான்று

மண்ணெண்ணெயைத் தமிழர் ‘சீமெண்ணெய்’ என்றும் வழங்கினர். சீமை எண்ணெய் என்பதன் மரூஉ அது. சீமை என்பது முதலில் எல்லையையும், பிறகு எல்லைக்குட்பட்ட நாட்டையும் குறித்தது. சிவகங்கைச் சீமை என்பது போல. பின்னரே அது ஐரோப்பாவைக் குறிக்கலாயிற்று. தம் ஊரைச் சீமை என்று சொன்ன மக்கள், தம்மை ஆண்டவர் நாட்டையும் அச்சொல்லாலேயே அழைத்தது சொற்பொருள் மாற்றத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பிற சொற்களும் இவ்வாறே வழிகாட்டுகின்றன. புயலிலும் அணையாதென விற்கப்பட்ட விளக்கு ‘அரிக்கேன்’ ஆயிற்று. ஆங்கில ‘லைன்’ லயம் ஆயிற்று. ரப்பர்ப்பால் பிடிக்கும் ‘மங்கு’ மலாய் மொழியின் ‘மங்கோக்’. ‘காண்டா’ அம்மொழியின் ‘கண்டார்’. தொடக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்த பாலைப் பிறகு கண்ணாடியிலும் பீங்கானிலும் அலுமினியத்திலும் செய்த கிண்ணங்களில் பிடித்தனர். பொருள் மாறினும் மங்கு என்ற பெயர் நின்றது. சீமைப் பொருள், மலாய்ப் பெயர், தமிழ்க் கை ஆகிய மூன்றும் கூடிய இடம் தோட்டம் என்பதற்கு இச்சொற்களே போதிய சான்று.

இச்சான்று இன்று விரைந்து மறைகிறது. நெகிரி செம்பிலானில் ரப்பர் நின்ற நிலங்கள் எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, லயங்கள் இடிந்தன. குடும்பங்கள் ஊர்ப்புறங்களுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்தன. கம்பெனியின் ஆண்டறிக்கை ஆவணக் காப்பகத்தில் இருக்கும். துருப்பிடித்த டின்னை எந்தக் காப்பகமும் கேட்பதில்லை. ஆனால் லயத்தில் பிறந்து வளர்ந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்னும் இயங்குகின்றன.

ஆதலின் தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டியிடம் கேட்டு, தோட்டத்தில் புழங்கிய பத்துப் பொருள்களின் பெயரையும், அவை எவற்றால் ஆயின, எம்முத்திரை தாங்கின, எவ்வெவற்றிற்குப் பயன்பட்டன, எந்தத் தோட்டத்தில், ஏறத்தாழ எவ்வாண்டில் என்பவற்றையும் எழுதிவரச் செய்யலாம். ஒரு பள்ளியில் ஓராண்டு செய்தாலே சிறு அகராதி ஒன்று உருவாகும். விலைப்பட்டியல் நூல்களில் விற்றவர் பெயர் இருக்கிறது; வாங்கிப் பயன்படுத்தியவர் பெயர் அந்த அகராதியிலாவது இடம்பெறட்டும்.